தமிழகக் கிறித்தவக் குடும்பங்களில் விடுதலை: மகளின் பங்கும் மனைவியின் வழக்கும்

‘விடுதலை’ என்ற சொல்லைக் கிறித்தவர்கள் கோயிலில் கேட்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்பார்கள். கோயிலில் அது பாவத்திலிருந்தும் அச்சத்திலிருந்தும் மனிதர் மீட்கப்படுவதைக் குறிக்கும். பதிவு அலுவலகத்தில் ‘விடுதலைப் பத்திரம்’ என்பது, பொதுச் சொத்தில் தமக்குள்ள பங்கை ஒருவர் மற்றொரு வாரிசுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தரும் ஆவணம். தந்தை இறந்தபின் சகோதரிகள் சகோதரர்களுக்கு எழுதித் தருவது இதன் வழக்கமான வடிவங்களில் ஒன்று. கிறித்தவக் குடும்பத்துப் பெண்ணின் உரிமை வரலாறு இந்த இரண்டு விடுதலைகளுக்கும் நடுவே நடந்தது.

அரியலூர் மாவட்டத்துத் தா.பழூர் வட்டாரம் கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ளது. அதே வடகரையில் மேற்கே ஏலாக்குறிச்சி இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர் அது. அங்குள்ள அடைக்கல அன்னை திருத்தலம் இன்றும் பெயர்பெற்றது. 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது இந்தப் பகுதியும் உடன் வந்தது. பின்னர் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. ஆகவே இங்குள்ள கிறித்தவக் குடும்பங்களுக்குப் பொருந்தியவை ஆங்கிலேய அரசு இயற்றிய சட்டங்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறித்தவர்களோ திருவிதாங்கூர் மன்னரின் சட்டத்தின்கீழ் வாழ்ந்தனர். ஒரே வேதத்தைப் படித்த இரண்டு ஊர்ப் பெண்களுக்குத் தந்தை சொத்தில் வேறுவேறு பங்கு கிடைத்ததற்கு இதுவே காரணம்.

மதம் மாறியவரின் சொத்து

கம்பெனி ஆட்சியின் தொடக்கத்தில், மதம் மாறிச் சாதியிலிருந்து விலக்கப்பட்டவர் குடும்பச் சொத்தில் தம் பங்கை இழக்க நேர்ந்தது. 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் இதை நிறுத்தியது. மதத்தை விட்டதாலோ சாதியை இழந்ததாலோ ஒருவருடைய சொத்துரிமை போகாது என்றது அச்சட்டம். கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் இந்துக்கள் இதை எதிர்த்து மனுக்கள் அனுப்பினர். முன்னோரின் சொத்தைப் பெறுபவருக்கு முன்னோர்க்குச் செய்யும் கடனும் உண்டு. கடனை விட்டவருக்குப் பங்கு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. குடும்பம் என்ற அமைப்பின் கண்ணில் அது வீண் கேள்வி அல்ல. ஆனால் அந்த நிபந்தனை நீடித்திருந்தால், நிலம் உள்ள வீட்டில் பிறந்த ஒருவர் தம் மனச்சான்றின்படி நடக்க முதலில் தம் நிலத்தை இழந்தாக வேண்டும்.

அந்தச் சட்டம் மனத்தில் கொண்டது பெரும்பாலும் ஆணைத்தான். அவனுடைய மனைவி என்ன ஆவாள் என்பதை 1866ஆம் ஆண்டின் சட்டம் பேசியது. கணவன் கிறித்தவன் ஆனதால் மனைவி தாய்வீட்டிலேயே தங்கிவிட்டால், நீதிபதி அவளையே கேட்க வேண்டும்: சேர்ந்து வாழ மறுக்கிறாயா? மதம் மாறியதுதான் காரணமா? உடனே தீர்ப்பளிக்கவும் கூடாது. ஓராண்டு வழக்கைத் தள்ளிவைத்து, இடையில் கணவனும் மனைவியும் சந்தித்துப் பேசச் செய்து, அவள் மறுப்பது தன் சொந்த விருப்பத்தாலா என்று உறுதி செய்த பிறகே மணத்தை முறிக்க முடியும். மனைவி மதம் மாறிக் கணவன் விலகினாலும் இதே வழி. உறவினர் மறைவின்றி ஒரு பெண்ணின் சம்மதத்தை நேரில் கேட்டறியும் ஏற்பாடு அக்காலத்துக்குப் புதுமைதான்.

பல்லாரிக் குடும்பத்தின் வழக்கு

அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பல்லாரியில் மேத்யூ ஆபிரகாம் என்ற கிறித்தவர் சாராயக் குத்தகை முதலிய தொழில்களில் பெரும்பொருள் ஈட்டினார். அவருடைய முன்னோர் பறையர் சமூகத்திலிருந்து கிறித்தவம் தழுவியவர்கள். மனைவி சார்லட் பாக்ஸ், இன்று ஆங்கிலோ இந்தியர் என்று அழைக்கப்படும் பிரிவைச் சேர்ந்தவர். 1842இல் மேத்யூ உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய தம்பி பிரான்சிஸ், தாங்கள் இந்து முறைப்படி பிரியாத கூட்டுக் குடும்பம் என்றும் சொத்தில் தமக்குப் பங்கு உண்டு என்றும் வாதிட்டார். கணவர் தாமே ஈட்டிய சொத்து இது என்று சார்லட் வழக்குத் தொடர்ந்தார்.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1863இல் வந்த தீர்ப்பு, கிறித்தவராக மாறியவரை இந்துச் சட்டம் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது என்றது. அவர் விரும்பினால் பழைய வழக்கத்தைத் தொடரலாம், விட்டும் விடலாம். அந்தக் குடும்பம் நடைமுறையில் எப்படி வாழ்ந்தது என்பதே அளவுகோல் ஆயிற்று. பிரான்சிஸின் கூட்டுக் குடும்ப வாதம் ஏற்கப்படவில்லை. விதவை வென்றார். ஆனால் தீர்ப்பு தந்த ‘விருப்பம்’ யாருடையது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த வழக்கத்தைத் தொடர்வது என்பதை வீட்டில் முடிவு செய்தவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர்தான்.

ஏட்டில் சமபங்கு

அந்த விருப்பத்தை 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் முடித்துவைத்தது. அது 1866 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. 1925இல் இயற்றப்பட்ட சட்டம் அதே விதிகளைத் தொடர்ந்தது. உயில் எழுதாமல் இறந்த கிறித்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. இந்து மகளுக்குத் தந்தையின் தனிச் சொத்தில் இத்தகைய பங்கு 1956இல்தான் வந்தது. பரம்பரைச் சொத்தில் 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005இல் மத்தியத் திருத்தமும் வழி செய்தன. தா.பழூர்ப் பக்கத்துக் கிறித்தவ மகளுக்குச் சட்டப் புத்தகம் 90 ஆண்டுகள் முன்பே சமபங்கு எழுதி வைத்திருந்தது.

வீட்டில் நடந்தது வேறு. திருமணத்தின்போது போட்ட நகையும் கொடுத்த சீரும் மகளின் பங்காகக் கணக்கிடப்பட்டன. ‘அவளுக்குத்தான் செய்தாயிற்றே’ என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. நிலம் மகன்களுக்குப் போயிற்று. மகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டாள். மறுத்தால் இழப்பது அண்ணனின் அன்பு மட்டும் அல்ல. பொங்கல் சீர், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் செய்ய வேண்டிய முறை, கணவன் வீட்டில் தொல்லை வந்தால் திரும்பி வருவதற்கு ஒரு வாசல் ஆகிய எல்லாம் அந்தக் கையெழுத்தோடு கட்டப்பட்டிருந்தன. இதைப் பேராசை, பாசம் என்று பிரித்துப் பேசுவது வெளியாருக்கு எளிது.

விவிலியத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சி உண்டு. எண்ணாகமத்தின் 27ஆம் அதிகாரத்தில், மகன் இல்லாமல் இறந்த செலொப்பியாத் என்பவரின் ஐந்து மகள்கள் மோசேயின் முன்னும் சபை முழுவதற்கும் முன்னும் நின்று தந்தையின் நிலப்பங்கைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று முடிவாகிறது. 36ஆம் அதிகாரத்தில், நிலம் வேறு கோத்திரத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அவர்கள் தம் கோத்திரத்துக்குள்ளேயே மணம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் வருகிறது. நிலம் வெளியே போகும் அச்சம் அவ்வளவு பழையது.

சமபங்குச் சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. பிள்ளை இல்லாமல் மகன் இறந்தால், மனைவியின் பங்கு போக மீதி முழுவதும் அவனுடைய தந்தைக்குச் சேரும். தந்தை உயிரோடு இருக்கும்வரை தாய்க்கு ஒன்றும் இல்லை. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்வது இதுதான்.

திருவிதாங்கூரும் உதகை வீடும்

திருவிதாங்கூர் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டம் 1916இல் வந்தது. அதன்படி மகளுக்கு மகனின் பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. அந்த ஸ்திரீதனத்தைக் கொடுத்துவிட்டால் அவளுக்கு வேறு பங்கு கிடையாது. விதவையின் நில உரிமை அவள் ஆயுள்வரை, அல்லது மறுமணம் வரை மட்டுமே. சில தாலுகாக்களில் ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கம் உடைய இலத்தீன் கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையினர் சிலருக்கு இந்த விதிகளிலிருந்து விலக்கு இருந்தது. சமபங்கு மேலைநாட்டு இறக்குமதி என்போர் இந்த விலக்கைப் படித்துப் பார்க்கலாம்.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தபோது இந்தச் சட்டமும் கூடவே வந்ததா என்ற ஐயம் எழுந்தது. 1970களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், 1951லேயே அது நீங்கிவிட்டது என்றார். பின்னர் இருவர் அமர்வு ஒன்று அதை மறுத்தது.

முடிச்சை அவிழ்த்தவர் மேரி ராய். கணவரைப் பிரிந்து, இறந்த தந்தையின் உதகமண்டல வீட்டில் பிள்ளைகளோடு தங்கியிருந்தவர். மகளுக்கு உரிமை இல்லை என்று சொல்லி அவரை அங்கிருந்து வெளியேற்றக் குடும்பத்தார் முயன்றனர். ஆனால் உதகை தமிழ்நாட்டில் உள்ளது. திருவிதாங்கூர் சட்டம் அங்கே செல்லாது. பின்னாளில் கோட்டயத்தில் பள்ளி நடத்திய அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1986 பிப்ரவரி 24 அன்று வந்த தீர்ப்பு, 1951 ஏப்ரல் 1 முதலே திருவிதாங்கூர் சட்டம் இல்லை என்றது. 35 ஆண்டுகளில் இறந்த தந்தையரின் சொத்துகள் மீண்டும் கேள்விக்கு உள்ளாயின. கேரளத்தில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. தீர்ப்பின் பின்னோக்கிய விளைவை நீக்க ஒரு மசோதாகூடத் தயாரானது. அது சட்டமாகவில்லை.

மனைவி வழக்குத் தொடுத்தால்

சொத்துச் சட்டம் முன்னே ஓடியது என்றால் மணவிலக்குச் சட்டம் பின்தங்கியது. 1869ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவன் மணவிலக்குப் பெற மனைவியின் பிறன்தொடர்பு ஒன்றே போதும். மனைவி கேட்டால், கணவனின் பிறன்தொடர்போடு கொடுமை செய்தான், அல்லது இரண்டு ஆண்டுகள் கைவிட்டான் என்பது போன்ற இன்னொரு குற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டும். அடி உதை மட்டும் காரணம் என்றால் பிரிந்து வாழலாமே தவிர மணவிலக்குக் கிடையாது. இந்த விதி 1857ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. இங்கிலாந்து 1923இல் இந்த வேறுபாட்டை நீக்கியது. இந்தியா 2001இல் நீக்கியது. நடுவே 1960இல் சட்ட ஆணையத்தின் 15ஆம் அறிக்கையும் 1983இல் 90ஆம் அறிக்கையும் வந்தன. கிறித்தவப் பெண்கள் அமைப்புகள் பல முறை திருத்தம் கேட்டன. 1995இல் கேரள உயர் நீதிமன்றம் இந்த விதியின் பாகுபாட்டைச் செல்லாது என்று அறிவித்தது. சிறுபான்மையினரின் குடும்பச் சட்டத்தைத் தொடுவானேன் என்று அரசுகள் தயங்கிய காலமெல்லாம் அடிபட்ட மனைவிதான் காத்திருந்தாள்.

2001 திருத்தம் கொடுமையையும் கைவிடுதலையும் தனித்தனிக் காரணங்கள் ஆக்கியது. இருவர் இசைவோடு பிரியும் வழியைத் தந்தது. வழக்குக் காலத்து உதவித்தொகை கணவனின் வருமானத்தில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்ற வரம்பையும் எடுத்தது. கத்தோலிக்கத் திருச்சபை மணவிலக்கை ஏற்பதில்லை. மணம் தொடக்கத்திலேயே செல்லாதது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு மட்டும் நாட்டுச் சட்டத்தில் மணத்தை முறிக்காது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே மறுமணம் வேண்டும் கத்தோலிக்கப் பெண் இரண்டு இடங்களில் தன் கதையைச் சொல்லியாக வேண்டும்.

சொத்தில் அவ்வளவு அலைச்சல் இல்லை. தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகளின் பங்கு அன்றே அவளுடையது. அதைப் பெற அவள் யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் அவள் பெயரும் இருக்கும். விடுதலைப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போடும்வரை அந்தப் பங்கு அவளிடமே இருக்கும்.