நேரடி நினைவக அணுகல்: பழுதுகள் இடம்பெயர்ந்த வரலாறு

ஒவ்வொரு பைட்டையும் செயலியே எடுத்து வைக்க வேண்டிய தேவையின்றி, கருவிக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவு நேராகப் பாயும் முறை நேரடி நினைவக அணுகல் எனப்படும். பொறியாளர் வழக்கில் அது டிஎம்ஏ. 1950களின் இறுதியில் ஐபிஎம் 709இன் தரவு வாய்க்கால்களிலும், 1965இல் பிடிபி-8இன் 'டேட்டா பிரேக்' வசதியிலும் காணப்பட்ட இம்முறை, இன்று விரல்நக அளவு நுண்கட்டுப்படுத்திகளிலும் இடம்பெற்றுள்ளது. இதில் எழும் பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு, ஒரே நினைவகத்தைச் செயலி ஒருவிதமாகவும் டிஎம்ஏ வேறுவிதமாகவும் காண்பதே காரணம். அந்த வேறுபாடு நிகழும் இடம் மட்டுமே காலந்தோறும் மாறிவந்திருக்கிறது.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் வேறுபாடு முகவரியின் நீளத்தில் இருந்தது. செயலியின் முகவரி 20 பிட் நீளமுடையது. இன்டெல் 8237 டிஎம்ஏ கட்டுப்படுத்தியோ 16 பிட் வரைதான் எண்ணும். மீதமுள்ள 4 பிட்டுகளைத் தனியொரு பக்கப் பதிவகம் வைத்திருந்தது; பரிமாற்றம் நடக்கையில் அது மாறாது. ஆகவே, 1,30,560ஆவது பைட்டில் தொடங்கி 512 பைட் கொண்ட இரண்டு பிரிவுகளை நெகிழ்வட்டிலிருந்து படிக்கச் சொன்னால், முதற்பிரிவு சரியாக அமர, இரண்டாவது 1,31,072இல் தொடராமல் 65,536க்குத் திரும்பி, அங்கிருந்ததை அழித்துவிடும். எனினும் அன்றைய பழுதில் ஒரு நேர்மை இருந்தது: பயாஸ் வழியாகச் சென்றவருக்கு 64 கிலோபைட் எல்லை தாண்டப்பட்டது என்பதற்கென்றே 9 என்னும் பிழைக்குறி கிடைத்தது, காகிதத்தில் கூட்டிப் பார்த்தாலும் பிழை புலப்பட்டது.

உட்பொதி கணினிகளில் வேறுபாடு முகவரியின் பொருளுக்கு நகர்ந்தது. முதல் ராஸ்பெர்ரி பையின் பிசிஎம்2835 சில்லில், செயலி பயன்படுத்தும் முகவரியை அப்படியே டிஎம்ஏவுக்குக் கொடுக்க இயலாது. அதற்குரிய பாட்டை (பஸ்) முகவரியாக மாற்றியே தரவேண்டும். எஸ்டிஎம்32எச்7 வரிசையில், செயலியோடு ஒட்டிய டிடிசிஎம் நினைவகத்தை டிஎம்ஏ1, டிஎம்ஏ2 ஆகிய கட்டுப்படுத்திகளால் எட்டவே முடியாது. நிரலில் குற்றமின்றி, தரவு வைக்கப்பட்ட இடத்தால் மட்டுமே பரிமாற்றம் தோற்கும்.

ஆயினும் மிகக் கடினமான பழுது கேஷ் நினைவகத்தோடு வந்தது. செயலி அடிக்கடி தொடும் தரவின் படியைத் தன்னருகே வைத்துக்கொள்ளும் சிறு நினைவகமே கேஷ். 2014இல் அறிவிக்கப்பட்ட கார்டெக்ஸ்-எம்7 செயலி அதனைக் கார்டெக்ஸ்-எம் வகை நுண்கட்டுப்படுத்திகளுக்குக் கொண்டுவந்தது. செயலி எழுதிய புதிய தரவு கேஷிலேயே தங்கிவிட, டிஎம்ஏ பழையதை அனுப்பும். டிஎம்ஏ கொண்டுவந்த புதியது நினைவகத்தில் இருக்க, செயலி கேஷிலுள்ள பழையதைப் படிக்கும். பிழைக்குறி எதுவும் எழாது. சோதனைக்காக ஓர் அச்சு வரி சேர்த்தாலே கேஷின் உள்ளடக்கம் மாறிப் பழுது மறைந்துவிடக்கூடும். பலரும் முதலில் நாடும் 'வோலட்டைல்' என்னும் அறிவிப்பு தொகுப்பியைத்தான் கட்டுப்படுத்தும், கேஷைத் தொடாது.

தரவுக் கேஷை முழுதும் நிறுத்திப் பார்ப்பது முதற்சோதனையாகத் தகும். பழுது நீங்கினால் சந்தேகம் இப்பக்கம் வலுக்கும். அனுப்புமுன் கேஷிலுள்ளதை நினைவகத்தில் எழுதிவிடுவதும், பெறுவதற்கு முன்னும் முடிந்தபின்னும் கேஷிலுள்ள படியைச் செல்லாததாக்குவதும் தீர்வாகும். முடிந்தபின்னும் செய்யவேண்டியதன் காரணம், இச்செயலி ஊகத்தின்பேரில் முன்கூட்டியே தரவைப் படித்து வைக்கக்கூடும் என்பதே. கேஷ் 32 பைட் வரிகளாக இயங்குவதால், பரிமாற்றத் தரவைத் தாங்கும் 20 பைட் இடையகத்தோடு ஒரே வரியில் அமர்ந்த வேறொரு மாறியின் புதிய மதிப்பும் அவ்வாறு செல்லாததாக்கும்போது தொலையக்கூடும். இடையகம் 32இன் மடங்கில் தொடங்கி 32இன் மடங்கிலேயே முடிய வேண்டும் என்ற விதி இதனால் வந்தது.

லினக்ஸ் கருநிரலில் 2009 முதல் இத்தகைய தவறுகளைக் கண்டு எச்சரிக்கும் பிழைதேடு வசதி உண்டு. இயக்குதளமின்றி ஓடும் நுண்கட்டுப்படுத்திகளில் அப்படியொரு காவல் பெரும்பாலும் இல்லை. இடையகம் எந்நேரத்தில் செயலிக்குரியது, எந்நேரத்தில் டிஎம்ஏவுக்குரியது என்ற கணக்கை அங்கே நிரலாளரே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.