தாது வருஷத்து வானமும் நம் தோட்டத்துப் புகைமூட்டமும்

கெடாவின் தென்பகுதியில் வாழ்கிற நமக்கு ஜெராய் மலையே ஒரு பஞ்சாங்கம். மலைமுகட்டில் கருமேகம் கவிந்துவிட்டால், நாளைக்குப் பால்வெட்டு உண்டோ இல்லையோ என்ற கவலை லயத்து வீடுகளில் தொடங்கிவிடும். மழை பெய்தால் வேலை கெடும். வேலை கெட்டால் சம்பளம் குறையும். ஆனால் சில ஆண்டுகளில் அந்த மலையே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. மேகத்தால் அன்று, புகையால். கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது, குழந்தைகள் இரவெல்லாம் இருமுகிறார்கள். இதைத்தான் நாம் புகைமூட்டம் என்கிறோம்.

இந்தப் புகைமூட்டத்திற்கும், தமிழ்நாட்டில் நம் முன்னோர் பட்ட பஞ்சத்திற்கும் உறவு உண்டு என்று சொன்னால் வியப்பாக இருக்கும். அந்த உறவின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

1876ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. மறு ஆண்டும் கோடையில் வர வேண்டிய மழை வரவில்லை. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருஷம். ஆகவே மக்கள் அதனைத் தாது வருஷப் பஞ்சம் என்றே நினைவில் வைத்தனர். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் மாண்டோர் தொகை 50 இலட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். உயிர் தப்பியோரில் பல்லாயிரம் பேர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தனர். அக்காலத்தில் மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழரில் பலர், கெடாவின் எல்லையை ஒட்டிய செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்தனர். கெடாவில் ரப்பர் பரவியது அதற்குப் பின்னர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அப்போது கங்காணிமார் வழியாக வந்து சேர்ந்தவர்களே நம்மில் பெரும்பாலோரின் பாட்டன் பாட்டிமார்.

மழை ஏன் பொய்த்தது? அன்று யாருக்கும் விடை தெரியாது. 1875இல் தான் இந்திய வானிலைத் துறையே தொடங்கப்பட்டிருந்தது. 1904இல் அத்துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் என்பவர் ஒரு கணித மேதை. சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜனின் கணக்கேடுகளைப் பார்த்து வியந்து, 1913இல் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவரும் இவரே.

வாக்கர் ஆகாயத்தைப் பார்த்துக் குறி சொல்லவில்லை. உலகின் பல ஊர்களிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் ஏடுகளைத் திரட்டினார். இந்திய எழுத்தர்கள் பலரை அமர்த்தி ஆண்டுக்கணக்கில் கூட்டியும் பெருக்கியும் பார்த்தார். பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலில் தாழ்கிறது. இங்கே உயர்ந்தால் அங்கே தாழ்கிறது. தராசின் இரு தட்டுகளைப் போல! இதனை அவர் 1920களில் வெளியிட்டார். கடலின் வெப்பமும் இந்தத் தராசும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை 1969இல் ஜேக்கப் பியர்க்னெஸ் என்ற அறிஞர் விளக்கினார்.

அது எப்படி? சாதாரண ஆண்டுகளில் பசிபிக் கடலில் வீசும் காற்று, சூடான நீரை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. சூடான நீர் உள்ள இடத்தில் மேகம் திரளும், மழை கொட்டும். சில ஆண்டுகளில் அந்தக் காற்று தளர்ந்துவிடும். சூடான நீர் தென் அமெரிக்காவை நோக்கிப் பரவும். மழையும் அதன் பின்னால் போய்விடும். நம் பக்கம் வறட்சி. பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் இந்தச் சூட்டைக் கண்டதால், குழந்தை இயேசுவை நினைத்து 'எல் நினோ' என்று பெயரிட்டார்கள். 1877இல் நிகழ்ந்தது மிக வலுவான எல் நினோ என்பது இன்றைய ஆய்வாளர்களின் முடிவு.

அதே எல் நினோ 1997இல் மீண்டும் வலுவாக வந்தது. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் காடுகளும் கரிமண் சதுப்பு நிலங்களும் எரிந்தன. கரிமண் நிலத்தில் தீ மண்ணுக்கு அடியிலேயே கனன்றுகொண்டு போகும். மேலே நீர் தெளித்தால் அணையாது. அந்தப் புகை காற்றோடு நம் நாட்டுக்கு வந்தது. செப்டம்பர் 19ஆம் நாள் சரவாக்கில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு அங்கே 839ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே ஆபத்து என்பது கணக்கு. மறு ஆண்டு ஏப்ரலில் நமக்கு அண்டையிலுள்ள பெர்லிஸ் சுப்பிங்கில் வெப்பம் 40.1 பாகையை எட்டியது. 2015இலும் எல் நினோ வந்தது, புகையும் வந்தது. 2016 ஏப்ரலில் கெடாவிலும் பெர்லிசிலும் வெயிலின் கொடுமையால் பள்ளிகள் மூடப்பட்டன.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். வறட்சி வானம் தந்தது. சாவும் வானம் தந்ததுதானா? தாது வருஷத்தில் மக்கள் பசியால் விழுந்துகொண்டிருந்தபோதே இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. நிவாரண வேலையில் கல் சுமந்தவனுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று 1877இல் அரசு குறைத்தது. ஆகவே மழை பொய்த்தது இயற்கை. மக்கள் மடிந்தது மனிதர் செயல்.

1997இலும் அப்படியே. 1982இல் எல் நினோ வந்தபோது அறிஞர்களே முன்கூட்டி அறியவில்லை. அதன் பிறகு பசிபிக் கடலில் ஏறத்தாழ 70 மிதவைக் கருவிகளை நிறுத்தினார்கள். அதனால் 1997இல் வறட்சி வருமென்று சில மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தும் என்ன பயன்? நிலத்தைக் கொளுத்துவதே செலவு குறைந்த வழி என்று தீ வைத்தவர்கள் வைத்தார்கள். அறிவு இருந்தது, அதன்படி நடக்கவில்லை. எல்லை தாண்டும் புகையைத் தடுக்கும் ஆசியான் உடன்படிக்கை 2002 ஜூன் 10ஆம் நாள் கோலாலம்பூரில் கையெழுத்தானது. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்க 2014ஆம் ஆண்டாயிற்று.

பெரிய நாடுகளின் காரியம் இது, நாம் என்ன செய்ய முடியும் என்று இருந்துவிடலாகாது. சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார், கூலிம், லங்காவி ஆகிய இடங்களில் காற்றை அளக்கும் நிலையங்கள் உள்ளன. குறியீடு 100ஐத் தாண்டினால் காற்று நலக்கேடானது. அன்று குழந்தைகளைத் திடலில் ஓடவிட வேண்டாம். முதியோரும் ஆஸ்துமா உடையோரும் வீட்டுக்குள் இருப்பது நல்லது. புகையில் உள்ள நுண்துகள் தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. முகத்தில் கட்டும் ஈரத்துண்டு அதைத் தடுக்காது. என்95 என்ற முகக்கவசமே ஓரளவு காக்கும். வெயிலிலும் புகையிலும் நின்று உழைப்பவர்களுக்கு நிழலும் நீரும் ஓய்வும் கேட்பது சலுகை அன்று. அது உயிரைப் பற்றிய காரியம். குறியீட்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் அந்தக் கேள்விக்கு வலு உண்டு.

நம் கை நெருப்பையும் மறக்கலாகாது. வீட்டுப் பின்புறம் குப்பையும் பிளாஸ்டிக்கும் கொளுத்துகிறோம். வயலில் வைக்கோலை எரிக்கிறார்கள். வறண்ட நாளில் அந்தப் புகை மேலே கலையாமல் நம் பிள்ளைகளின் நெஞ்சிலேயே இறங்குகிறது.

தாது வருஷத்தில் நம் முன்னோர்க்கு எச்சரிக்கை சொல்ல எவருமில்லை. இன்று எச்சரிக்கை முன்னரே வருகிறது. அதைக் கேட்பதும், கேட்டபடி நடப்பதும், மற்றவர்களை நடக்கச் சொல்வதும் நம் கையில் இருக்கின்றன. நாளை காலை ஜெராய் மலை தெரிகிறதா என்று உங்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், ஏன் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.