பச்சை நிறம் கழற்றிய ராணுவ வண்டிகள்

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை நிறம் அடிக்கக் கூடாது என்கிறது அது. பழைய ராணுவ வண்டிகளை வாங்கிப் பராமரிக்கிற இந்தியர்களின் கதையை அந்த விதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வண்டி கைக்கு வந்ததும் அவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலையே அது ராணுவ வண்டி என்ற அடையாளத்தை அழிப்பதுதான். பச்சை போகணும். மேல்நோக்கிய அம்புக்குறியோடு இருக்கும் ராணுவ எண் போகணும். ஆர்டிஓ தரும் எண் வரணும்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இது அப்படியே தலைகீழ். அங்கே இந்தப் பொழுதுபோக்கின் உயிரே பெயின்டில் இருக்கிறது. 1944-ல் எந்தப் படைப்பிரிவிடம் இருந்த வண்டி, பம்பரில் என்ன எழுதியிருந்தது, வெள்ளை நட்சத்திரம் எவ்வளவு பெரிது என்று மாதக்கணக்கில் தேடுவார்கள். அமெரிக்காவில் 1976-லேயே ராணுவ வாகனப் பாதுகாப்புக்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள்.

அவர்களுக்கு அள்ள அள்ளக் குறையாத சரக்கு இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜிஎம்சி இரண்டரை டன் லாரி மட்டும் 5 லட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. 1944 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, பிரான்சில் முன்னேறிக்கொண்டிருந்த படைகளுக்குப் பெட்ரோலும் குண்டும் கொண்டுபோன ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ ஓடியது இந்த லாரிகளை நம்பித்தான். ஓட்டியவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினப் படைவீரர்கள். போர் முடிந்ததும் மிச்ச வண்டிகள் உலகம் முழுக்க மலிவாக இறைபட்டன. பிலிப்பைன்ஸில் அமெரிக்க ஜீப்பை நீட்டி, பெஞ்சு போட்டு, ஜீப்னி என்ற பொதுப் போக்குவரத்தையே உருவாக்கிக்கொண்டார்கள்.

இந்தியாவின் கதை கொஞ்சம் தாமதமாகத் தொடங்குகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவத்தின் கையில் இருந்தவை போர்க்காலத்தில் வந்து சேர்ந்த பல நாட்டு, பல கம்பெனி வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பேர், தனித் தலைவலி. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில், 1959-ல், ஜெர்மனியின் மான் நிறுவனத்திடம் உரிமம் பெற்று ஜபல்பூரில் லாரி கட்ட ஆரம்பித்தார்கள். அதுதான் சக்திமான். 90களில் வளர்ந்த நமக்கு சக்திமான் என்றால் டிவியில் சுற்றிக்கொண்டே பறக்கும் ஆள். லாரி உற்பத்தி 1996-ல் நின்றது, டிவிக்காரர் 1997-ல் வந்தார். பெயர் ஒன்று, தலைமுறை வேறு.

1960களில் நிசான் உரிமத்தில் இன்னும் இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்று, ஒரு டன் லாரி. மற்றது ஜோங்கா. ஜோங்கா ஏதோ ஆப்பிரிக்கச் சொல் மாதிரி ஒலித்தாலும் ‘ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்ப்ளி’ என்பதன் முதலெழுத்துகள்தான் அது. 1999 வரை ஓடிய உற்பத்தி. சக்திமானின் இடத்தை எண்ணூரில் பிறந்த நிறுவனமான அசோக் லேலண்டின் ஸ்டாலியன் பிடித்தது.

ஆயுள் முடிந்த வண்டிகளை ராணுவ டிப்போக்கள் லாட் லாட்டாக ஏலம் விடும். வாங்குகிறவர் பெரும்பாலும் பழைய இரும்பு வியாபாரி. அவரிடமிருந்து பஞ்சாப்-ஹரியானா எல்லையில் இருக்கும் மண்டி டப்வாலி போன்ற ஊர்களுக்கு ஜீப்புகள் போயின. அங்கே அவற்றைப் பிரித்து, மாற்றிக் கட்டி விற்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. கேரள மலைகளுக்குப் போன லாரிகள் மரம் இழுத்தன. மற்றவை துண்டுகளாகிச் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி உதிரிபாகச் சந்தைகளில் கரைந்தன. ஆர்வலர் கைக்கு ஒரு வண்டி வரும்போது அது ஏற்கெனவே மூன்றாவது வாழ்க்கையில் இருக்கும். ஆக, இங்கே வண்டிகளைக் காப்பாற்றியவை காயலான் கடையும் கூப்பும்தான். அருங்காட்சியகம் எல்லாம் ரொம்பப் பிறகு.

புதுச்சேரிக்கு வெளியே நண்பர் ஒருவர் ஒரு ஜோங்கா வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் நானும் போவேன். ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட நாலு லிட்டர் பெட்ரோல் இன்ஜின். பெட்ரோல் குடிக்கிற குடியைப் பார்த்துப் பலர் டீசல் இன்ஜின் மாற்றிவிட்டார்கள். இன்ஜினை மாற்றினால் ஆர்டிஓ அனுமதி வேண்டும். வண்டியின் அடிப்படை அமைப்பைத் தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாகத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நண்பர் பழைய இன்ஜினையே வைத்திருக்கிறார். கடற்காற்று சேஸிஸைத் தின்கிறது. மழைக்காலம் முடிந்ததும் அடியில் படுத்து, துருவைச் சுரண்டி, பிரைமர் அடிப்பது வருஷாந்திரச் சடங்கு. பிரேக் வாஷர் கிடைக்காவிட்டால் அளவெடுத்து லேத்தில் அச்சு செய்து வார்க்கணும்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தருகிற மெக்கானிக்குக்கு எழுபது தாண்டிவிட்டது. கார்புரேட்டரை மீட்டர் வைத்துப் பார்க்க மாட்டார், காதை வைத்துக் கேட்பார். “தம்பி, அது இருமுது பாரு. காத்து அதிகம்” என்பார். நான் வேலை பார்க்கிற உலகத்தில் இப்படி ஒரு நிலைமைக்குப் பெயர் உண்டு. எழுதியவர் போய்விட்டார், ஆவணம் இல்லை, ஆனால் சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிறவரை யாருக்கும் கவலையில்லை. நின்றால்தான் அதைத் தெரிந்த கடைசி ஆளைத் தேடுவோம்.

நிறமும் எண்ணும் போன பிறகு இந்திய ஆர்வலரிடம் மிஞ்சுவது இந்த இயக்கம்தான். தோற்றத்தைக் காப்பாற்றச் சட்டம் விடவில்லை. அதனால் அவர் தெரியாமலேயே இன்னும் ஆழமான ஒன்றைக் காப்பாற்றுகிறார்: வண்டியை ஓடவைக்கும் கைப்பழக்கம். இதை வெறும் போர்மோகம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. பீரங்கியைவிட லாரியில்தான் சாதாரண சிப்பாயின் வாழ்க்கை அதிகம் இருக்கிறது. அவன் அதில்தான் சோறு கொண்டுபோனான், அதில்தான் தூங்கினான், அடிபட்டால் அதில்தான் திரும்பி வந்தான்.

2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வாகன விதிகளைக் கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். நல்ல விதி. ஆனால் அது இரு சக்கர வாகனங்களையும் சொந்த உபயோகக் கார் வகையையும் மட்டுமே சொல்கிறது. சரக்கு வண்டி அதில் இல்லை. மகாராஜாவின் ரோல்ஸ் ராய்ஸ் பாரம்பரியம் ஆகலாம், சக்திமான் ஆக முடியாது.

எங்கள் ஊருக்கு இந்தப் பாகுபாடு புரியும் என்று நினைக்கிறேன். கடற்கரைப் பக்கம் இருக்கும் மஞ்சள் பிரெஞ்சு மாளிகைகளைத்தான் முதலில் எல்லோரும் பாரம்பரியம் என்றார்கள். பிறகு இன்டாக் அமைப்பு அரசோடு சேர்ந்து வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளைத் திண்ணையும் தாழ்வாரமுமாக மீட்டது. 2008-ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. ஆளுநர் மாளிகைக்கு இருக்கிற வரலாறு திண்ணைக்கும் உண்டு என்று அந்த வீதி நிரூபித்தது. ஜூலை 14 அன்று பதக்கங்களோடு போர் நினைவுச்சின்னத்துக்கு வரும் சொல்தாக்களுக்கும் இந்த ஊர் வழிவிட்டு நிற்கிறது.

லாரிக்கும் அப்படி ஒரு இடம் தர ஒரு விதியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். சரக்கு வண்டியும் விண்டேஜ்தான் என்று எழுதினால் போதும். அந்தத் திருத்தம் வருவதற்குள் கார்புரேட்டரின் இருமலைக் கேட்கத் தெரிந்த காதுகள் எத்தனை மிஞ்சும் என்பதுதான் என் கவலை.