தொறுவும் கொழுப்பும்

தீர்த்தமலைக்கு வடகிழக்கே செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் படிக்கிறவங்களுக்கு 'தொறு' என்ற சொல் நல்லா பழக்கம். மாட்டு மந்தை என்று பொருள். தொறுவைக் கவர்ந்து போனார்கள், மீட்கப் போன வீரன் செத்தான், அவனுக்குக் கல் நட்டார்கள். 1972இல் வெளிவந்த 'செங்கம் நடுகற்கள்' நூலில் இந்தச் செய்தி திரும்பத் திரும்ப வரும். ஆனா அது எப்படிப்பட்ட மாடு என்று கல் சொல்லாது.

இன்னிக்கு தருமபுரி மாவட்டத்துக்குன்னு பேர் சொல்ல இருப்பது ஆலம்பாடி மாடு. லிட்டில்வுட் 1936இல் எழுதிய தென்னிந்தியக் கால்நடை நூலிலேயே அதற்கு இடம் உண்டு. காட்டில் மேய்ந்து ஏர் இழுத்த உழைப்பு மாடு. இந்த மாதிரி நாட்டு மாட்டுச் சதையில் கொழுப்பு குறைவு. அப்போ கொழுப்புக்கான மரபணுவே இதுங்ககிட்ட இல்லையா?

இருக்கு. டிஜிஏடி-1 என்ற மரபணு, கொழுப்பு உருவாகும் கடைசிப் படியை நடத்தும் நொதியைத் தருகிறது. அந்த நொதியின் 232ஆம் இடத்தில் லைசின் இருந்தால் பாலில் கொழுப்பு கூடும் என்று 2002இல் கண்டார்கள். அடுத்த வருஷமே ஜெர்மனியில் அதே வடிவத்தைத் தசைக் கொழுப்போடும் சேர்த்துப் பார்த்தார்கள். 2006இல் இந்திய மாட்டினங்கள் சிலவற்றைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் இருந்தது அந்த லைசின் வடிவம்தான்!

கொழுப்பு வடிவம் இருந்தும் சதை மெலிவு. எப்படி? நம்ம சாப்ட்வேர் பாஷையில் சொன்னா, ஒரே ஒரு வரி கோடு அவுட்புட்டைத் தீர்மானிப்பதில்லை. எந்த செல் கொழுப்பு செல்லாக மாறணும் என்பதற்கு பிபார்-காமா என்ற சுவிட்ச் தனியா இருக்கு. அதோடு சிறு சிறு விளைவுள்ள பல மரபணுக்கள், தீவனம், வயசு, வேலை.

ஜப்பானின் வாக்யு மாடும் முன்பு வயலில் உழைத்த மாடுதான். 1868க்குப் பிறகு அங்கே மாட்டிறைச்சி பரவியது. தலைமுறை தலைமுறையாகப் பதிவேடு வைத்து, கொழுப்புக் கோடு ஓடும் சதைக்காகத் தேர்ந்தெடுத்து, தானியம் போட்டு வளர்த்தார்கள். நம்ம ஊரில் தேர்வு நடந்தது ஏருக்கும் வண்டிக்கும். டிராக்டர் வந்ததும் அந்தத் தேர்வும் நின்னுபோச்சு, மாடும் குறைஞ்சுபோச்சு.

காரிமங்கலத்தில் ஆலம்பாடி இன ஆராய்ச்சி மையம் இருப்பது அதனால்தான் முக்கியம். நடுகல் மண்ணுக்குள் போனாலும் தோண்டி எடுத்துப் படிக்கலாம். மந்தை அழிந்தால், அதோடு சேர்ந்து பல நூற்றாண்டுத் தேர்வின் பதிவும் போய்விடும்.