மின்சாரம் பாடக் கற்ற வரலாறு



சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்ந்த ஒரு சிறு பிணக்குத் தங்களிற் பலருக்கு நினைவிருக்கும். நம் காலனிச் சிறுவன் ஒருவன் மின் கீபோர்டில் மோகன ராகக் கீர்த்தனை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "இது வாத்தியம் அன்று, சுவிட்சுப் பெட்டி. இதிலே கமகம் ஏது?" என்று யாவரும் கேட்கச் சொல்லி எழுந்து சென்றார். பையனின் முகம் வாடியது. பின்னர்க் கூடிய செயற்குழுவில், இனி நம் மேடையில் ஆர்மோனியம் மட்டும் போதுமென்று ஒரு சாராரும், காலத்தோடு ஒட்டி நடத்தல் வேண்டுமென்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். முடிவு எட்டவில்லை. அக்கூட்டத்தின் குறிப்பை எழுதியவன் நானாதலால், அன்று முதல் இந்தச் சுவிட்சுப் பெட்டியின் பூர்வோத்தரத்தை அறிய வேண்டுமென்னும் ஆவல் என்னைப் பற்றிக்கொண்டது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன் நான். சங்கீத ஞானமும் விஞ்ஞான ஞானமும் கேள்வி வழி வந்தனவே. பிழையிருப்பின் பொறுத்தருள்க.

மின்சாரத்தைப் பாட வைத்தவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் லெவ் தெரமின் என்னும் ருஷ்யர். பௌதிகம் கற்றவர், செல்லோ என்னும் பெரிய வில் வாத்தியத்திலும் பயிற்சியுடையவர். 1920-ஆம் ஆண்டையொட்டி அவர் செய்த கருவியைக் கையால் தொடவே வேண்டுவதில்லை. பெட்டியின் ஒரு புறம் நிமிர்ந்த உலோகக் கம்பி. மறுபுறம் வளைந்த கம்பி. வலக்கையை முதற்கம்பிக்கு அருகே கொண்டுசெல்ல நாதம் மேலே ஏறும், விலக்க இறங்கும். இடக்கை ஒலியைப் பெருக்கவும் குறைக்கவும் செய்யும். பெட்டிக்குள்ளே காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும் இரண்டு மின் அலைகள் உள்ளன. கையின் நெருக்கத்தால் அவற்றுள் ஒன்றன் வேகம் சிறிதே மாற, இரண்டிற்கும் உள்ள வேற்றுமையே நாதமாய் வெளிப்படுகிறது. இக்கருவியை அவர் 1922-இல் லெனின் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். பின்னர் அமெரிக்கா சென்று புகழடைந்து, 1938-இல் தாய்நாடு திரும்பிய பின் சிறைப்பட்டு, காவலுக்குள்ளிருந்தே அரசாங்கத்திற்கு இரகசிய ஒட்டுக்கேட்கும் கருவிகளைச் செய்து கொடுத்தார். 1993-இல் தொண்ணூற்றேழாம் வயதில் மறைந்தார். அவர் சரித்திரத்தைத் தனியே எழுதினால் இம்மலர் கொள்ளாது.

நாம் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. மின்னிசைக் கருவிகளின் இந்த மூதாதைக்குக் கட்டையும் இல்லை, சுவிட்சும் இல்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு அது தாவுவதேயில்லை; வழுக்கித்தான் செல்லும். கமகம் இல்லையென்று இதனைக் குறை கூற இயலாது. கமகத்தை நிறுத்துவதுதான் இதிலே கடினம்!

இக்கருவியில் மயங்கிய அமெரிக்கப் பள்ளி மாணவன் ஒருவன், 1949-இல் தானே ஒன்றைச் செய்து பார்த்தான். ராபர்ட் மூக் என்பது பெயர். தந்தை மின்சாரக் கம்பெனியில் எஞ்சினியர். வீட்டின் அடித்தளத்தில் தந்தையும் மகனும் சூட்டுக்கோலும் ஈயமுமாய் உழைத்தனர். 1954-இல் வானொலி அன்பர்களுக்கான பத்திரிகை ஒன்றில், தெரமின் கருவியை வீட்டிலேயே செய்யும் முறையைப் பற்றி மூக் ஒரு கட்டுரை எழுதினார். 1961-இல் அதன் உறுப்புக்களை ஒரு பெட்டியிலிட்டு 49 டாலர் 95 சென்டுக்கு விற்கத் தலைப்பட்டார். ஏறத்தாழ ஆயிரம் பெட்டிகள் விலைபோயின. வாங்கியவர்கள் வித்துவான்கள் அல்லர். ஓய்வு நேரத்தில் ஏதேனும் ஒன்றைப் பிரித்துப் பூட்டாவிடில் உறக்கம் வராத ஆர்வலர்கள். இந்தச் சாதியினரை நான் நன்கறிவேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆற்றங்கரை குஜரி பஜாரில் உடைந்த ரேடியோக்களிடையே குந்தியிருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

1964-இல் ஹெர்பர்ட் டாய்ச் என்னும் சங்கீத ஆசிரியருடன் கூடி, மூக் ஒரு புதுக்கருவி செய்தார். அதுவே சிந்தசைசர் என்று உலகம் அழைப்பது. அதன் சூட்சுமம் எளிது. மின் அலையை எழுப்பும் உறுப்பு ஒன்று. அவ்வலையின் கூர்மையை வடிகட்டிக் குரலின் வண்ணத்தை மாற்றும் உறுப்பு ஒன்று. ஒலி எழும் விதத்தையும் அடங்கும் விதத்தையும் வகுக்கும் உறுப்பு மற்றொன்று. இவையனைத்தையும் வோல்ட்டேஜ் என்னும் மின்னழுத்தமே ஆள்கிறது. ஒரு வோல்ட் கூட்டினால் நாதம் சரியாக ஒரு ஸ்தாயி ஏறும். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போல, உறுப்புக்களைக் கயிறு போன்ற கம்பிகளால் விரும்பியவாறு பிணைத்துக்கொள்ளலாம். ஒரே கருவி புல்லாங்குழலாகும்; மறுகணம் இடியாகும்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் டான் புக்லா என்பவரும் இத்தகைய கருவியொன்றை இயற்றினார். பியானோக் கட்டைகளை வைத்தால் பழைய இசையே மீண்டும் பிறக்குமென்று அஞ்சி, அவர் தொடுதகடுகளை மட்டும் வைத்தார். மூக்கோ கட்டைகளை வைத்தார். வென்றது மூக்கின் பெட்டி. 1968-இல் வெண்டி கார்லோஸ் என்னும் கலைஞர் பாக்கின் இசையை முழுவதும் மூக் கருவியிலேயே வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு இலட்சக்கணக்கில் விற்றது. அன்று முதல் கட்டை வைத்ததே மின்வாத்தியம் என்றாயிற்று. நம் பெரியவரின் கோபம் உண்மையில் மின்சாரத்தின் மேலன்று, அந்தக் கட்டைகளின் மேல்தான் என்பது என் துணிபு.

இனி, கதை நம் ஊருக்கே வருகிறது. இதனை அறிந்த அன்று எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

நம் அகமதாபாத்தின் பால்டியில், சபர்மதிக் கரையில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை அறியாதார் யார்? அதன் வாயிலைக் கடந்து அலுவலுக்குச் செல்வோர் நம்மிடையே பலர். 1961-இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தை உருவாக்கியதில் கௌதம் சாராபாய், கீரா சாராபாய் ஆகிய உடன்பிறந்தாருக்குப் பெரும் பங்குண்டு. அவர்களின் சகோதரி கீதா சாராபாய் அம்மையார் பக்காவஜ் என்னும் மத்தளம் பயின்றவர். பெண்டிர் அதனைத் தொடாதிருந்த காலம் அது. 1946-இல் நியூயார்க் சென்ற அவர், ஜான் கேஜ் என்னும் புதுமை இசையாளருக்கு நம் நாட்டுச் சங்கீத இலக்கணத்தைக் கற்பித்து, அதற்கு ஈடாக மேல்நாட்டு இசையை அவரிடம் கற்றார். காசு கைமாறாத இந்தப் பண்டமாற்றின் பயன் இருபத்துமூன்று ஆண்டுகட்குப் பின் விளைந்தது. 1969-இல் கேஜின் நண்பரும் பியானோ மேதையுமான டேவிட் டியூடர் அகமதாபாத்துக்கு வந்து, அந்நிறுவனத்திலே ஒரு மின்னிசைக் கூடத்தை நிறுவினார். அதன் நடுநாயகம் மூக் சிந்தசைசர். மேல்நாடுகளிலேயே அரிதாயிருந்த அக்கருவி, நம் எல்லிஸ் பாலத்திற்கு அண்மையில் இருந்தது!

அதே ஆண்டில் ஆர்மோனியத்தின் நிலை யாது? அகில இந்திய வானொலி, கமகத்திற்கு ஒவ்வாத கருவியென்று 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. ஆகவே 1969-இல் வானொலி நிலையத்தின் வாயிலில் ஆர்மோனியம் வெளியே காத்து நிற்க, சபர்மதிக் கரையில் சிந்தசைசர் உள்ளே அமர்ந்து பாடிற்று. நம் செயற்குழுவில் ஆர்மோனியத்திற்காக வாதாடிய அன்பர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

அக்கூடத்தில் கீதா அம்மையாரும், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, இளைஞராயிருந்த ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் இசையமைத்தனர். ஒன்று விண்வெளிப் பயணத்தைக் கற்பனை செய்வது. மற்றொன்று 1970-இல் ஜப்பானின் ஓசாகாவில் நடந்த உலகக் கண்காட்சிக்கெனச் செய்தது. வேறொன்றுக்கு 'முன்பொரு நாள் நான் தம்புரா மீட்டினேன்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டார் மாத்தூர். மூன்று, நான்கு ஆண்டுகளில் கூடம் ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் அலமாரி சேர்ந்தன. அவ்வளவே! நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றைப் பற்றிப் பேசுவாரில்லை. 2017-இல் பால் பர்காஸ் என்னும் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் அந்நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இவற்றைக் கண்டெடுத்திராவிடில், இன்றும் நாம் அறிந்திருக்க மாட்டோம். அவர் முயற்சியால் 2023-இல் இவை இசைத்தட்டாக வெளிவந்தன.

என் தந்தையார் இவ்வூரில் பணியாற்றிய நாட்களில் சைக்கிளில் அந்த வாயிலைக் கடந்து எத்தனை முறை சென்றிருப்பார்! காப்பக அலமாரிக்கும் அவர் சைக்கிளுக்கும் இடையே ஒரு சுவர்தான்.

மறக்கப்பட்ட கதை இது ஒன்று மட்டுமன்று. ஜப்பானிய ரோலண்ட் கம்பெனி 1981-ஐ ஒட்டி டி.பி.-303 என்னும் வெள்ளிநிறச் சிறுபெட்டியை வெளியிட்டது. தனியே கிட்டார் பயில்வோருக்குத் துணையாக மந்தர ஸ்தாயியில் வாசிப்பதற்கென்று செய்த பெட்டி. அதன் குரல் கிட்டாரைப் போலவே இல்லாமையால் வாங்குவாரின்றி, ஏறத்தாழ மூன்றாண்டுகளில் நிறுத்தப்பட்டது. பழைய பொருட் கடைகளில் மலிவாகக் கிடைத்த இதனைச் சிகாகோ நகரத்து இளைஞர் சிலர் வாங்கித் திருகாணிகளைத் தாறுமாறாகத் திருகி, 1987-இல் ஒரு புதிய நடன இசையையே பிறப்பித்தனர். உலகம் அவர்களை முன்னோடிகள் என்றது. ஆயின் 1982-இலேயே பம்பாய்த் திரைப்படக் கூடங்களில் கிட்டார் வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்பவர், இதே பெட்டியையும் ரோலண்டின் தாளப்பெட்டி ஒன்றையும் ஜூபிடர்-8 என்னும் சிந்தசைசரையும் கொண்டு, பத்து ராகங்களை அமைத்து இசைத்தட்டுச் செய்திருந்தார். பைரவ், பூபாலி, யமன், கலாவதி, மால்கௌன்ஸ் முதலியன அவை. பூபாலி நம் மோகனம், கலாவதி நம் வலஜி, மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். அந்தச் சிறுபெட்டியில் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. நம்மவர் ஒருவர் அதிலே ராகத்தைத் தேடியதில் வியப்பில்லை. தட்டு விற்கவில்லை. 2010-இல் மறுபதிப்பு வெளிவந்தபோதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 2015-இல் அவர் காலமானார்.

1983-ஆம் ஆண்டைப் பற்றி ரயில்வேக்காரன் ஒரு வார்த்தை சொல்லாமல் நகர இயலாது. அதுவரை ஒரு கம்பெனியின் கருவி மற்றொரு கம்பெனியின் கருவியோடு பேசாது. அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சந்திக்கும் நிலையத்தில் மூட்டைகளை இறக்கி மறுவண்டியில் ஏற்றிய அவதியை மூத்த அன்பர்கள் அறிவார்கள், அதே அவதிதான். அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும், ரோலண்ட் நிறுவனரான இக்குத்தாரோ காக்கேஹாஷியும் முன்னின்று பல கம்பெனிகளையும் இணங்கச் செய்து, மிடி என்னும் பொது ஏற்பாட்டைக் கொணர்ந்தனர். அந்தக் கம்பியின் வழியே செல்வது நாதமன்று. இன்ன கட்டையை இவ்வளவு அழுத்தமாக இப்போது தொடு என்னும் கட்டளை மட்டுமே. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுப்பது போன்றது. வண்டி வேறு, செய்தி வேறு. போட்டியிடும் வியாபாரிகள் ஆதாயத்தைக் கருதாது ஒரே பாதைக்கு இசைந்தது பெரிய செயல். நம் இருப்புப்பாதைகளுக்கோ அவ்வொருமைப்பாடு எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டது!

தென்னகத்தில் சிந்தசைசர் திரையிசை வழியே வீடுதோறும் புகுந்தது. 1986-இல் இளையராஜா இசையமைத்த 'புன்னகை மன்னன்', 1992-இல் ஏ. ஆர். ரகுமானின் 'ரோஜா' இவற்றை நான் விளக்க வேண்டுவதில்லை. கச்சேரி மேடைக்கோ அது பின்வாசல் வழியே எப்போதோ வந்துவிட்டது. 1970-களின் இறுதியிலிருந்தே பெங்களூரில் மின்னணுச் சுருதிப்பெட்டிகள் செய்யப்பட்டு வந்துள்ளன. கீபோர்டைக் கண்டு எழுந்து சென்ற நம் பெரியவர் தினமும் காலையில் பாடுவது அத்தகைய பெட்டியின் சுருதிக்குத்தான். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

குஜரி பஜாரில் நானூறு ரூபாய்க்கு வாங்கிய கீபோர்டு ஒன்று என்னிடம் உண்டு. பெயர் அழிந்துபோனது, பாதிக் கட்டைகள் ஊமை. பிரித்துப் பார்த்தால் கட்டைகளின் அடியிலுள்ள ரப்பர்ப் பட்டையில் ஆண்டாண்டுக் காலத் தூசி. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்ததும் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. அதன் இடப்புறம் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. கட்டையை அழுத்தியபடியே அதனை உருட்டினால் நாதம் வளையும். தெரமினின் வெறுங்கை செய்த வேலையில் எஞ்சி நிற்பது அவ்வளவே. சென்ற ஆண்டு வாசித்த சிறுவனுக்கு அச்சக்கரத்தின் பயனை எவரும் கற்பித்திருக்கவில்லை. இப்போது ஞாயிறு தோறும் மாலையில் வந்து பழகுகிறான். காந்தாரத்தை அசைக்கையில் இன்னும் சற்றே மிகைப்படுத்துகிறான்.

சென்ற மாதம், அந்த 2023-ஆம் ஆண்டு வெளியீட்டிலுள்ள ஒலிநாடா இசையை எடுத்துக்கொண்டு பெரியவர் இல்லத்திற்குச் சென்றேன். ஹெட்போனைத் தாமே காதில் மாட்டிக்கொண்டார். கண்மூடி நெடுநேரம் கேட்டார். முடிந்ததும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "எங்கே பண்ணினதப்பா இது?" என்றார்.

"பால்டியில் ஐயா. அறுபத்தொன்பதிலிருந்து எழுபத்திரண்டுக்குள்."

"நான் எழுபதிலே இந்த ஊருக்கு வந்தேன்" என்றார். பிறகு, "அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வருகிறான்?" என்று கேட்டார்.

ஐந்து மணிக்கு என்றேன்.