பத்திரத்தில் இல்லாத பெயர்

ஒட்டுசுட்டானை அடுத்த முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் விளைந்த வரலாற்றைக் கூறுவோர் குளத்தையும் வாய்க்காலையும் போற்றுவர். களை பிடுங்கிய பெண்ணை மறந்துவிடுவர். சட்டமும் அவ்வாறே மறந்தது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் காணியற்ற உழவர்க்கு அரச நிலம் கிடைக்க வழிசெய்தது. அதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயின், அனுமதிப்பத்திரம் பெற்றவர் வாரிசைக் குறிக்காது இறந்தால் மனைவிக்கு வாழ்நாள் அனுபவ உரிமை மட்டுமே. மறுமணம் செய்தால் அதுவும் போகும். பிள்ளைகளுள் மகனுக்கே முதலிடம். மகன் இல்லாவிடத்தே மகள்.

இவ்வநீதியின் விலை என்ன? 2009இல் போர் முடிந்தபின், கணவரை இழந்த பெண்கள் பலர் வன்னியில் குடும்பப் பாரத்தைத் தனியே சுமந்தனர். உழைக்கக் கைகள் இருந்தன. ஆனால் தன் பெயரில் காணி இல்லாதவள் கடனுக்கு எதை ஈடு காட்டுவாள்? முதலின்றி வயல் தரிசாகும். அன்றேல் குத்தகைக்குப் போகும். அவளோ பிறர் வயலில் கூலியாவாள். விளையாத நெல் அவள் ஒருத்தியின் நட்டமன்று. சமுதாயம் முழுவதன் நட்டமே.

2022இல் சட்டம் திருத்தப்பட்டு, மகன் மகள் என்னும் வேற்றுமை நீக்கப்பட்டது. ஒரு தவறு திருந்த 87 ஆண்டுகள்! ஏட்டில் ஏறிய உரிமை இனி வயலில் இறங்க வேண்டும். அதனைக் கிராமந்தோறும் எடுத்துரைப்பது நம் கடமையன்றோ?