துறைமுகத்தின் 220 வோல்ற்று

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த பெரிய பிரித்தானியப் போர்க்கப்பல்களில் ஓடியது 220 வோல்ற்று நேர்மின்னோட்டம். அப்பா அப்போது கடற்படைத் தளத்தில் வயர்மன்.

1957 ஒக்டோபரில் தளம் இலங்கையின் கைக்கு வந்த பிறகுதான் கப்பல் ஹீற்றர் ஒன்றை வைத்து எனக்குக் கணக்குக் காட்டினார். அது இழுப்பது 5 அம்பியர். 220ஐ 5ஆல் வகுத்தால் தடை 44 ஓம். பெருக்கினால் வலு 1100 வாற்று. அதே சுருளைக் கரையில் 230 வோல்ற்றில் கொழுவினால் 5.2 அம்பியர், ஏறத்தாழ 1200 வாற்று. பத்து வோல்ற்றுக்கு நூறு வாற்று கூடுகிறது! வலு, அழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுவதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குக் காட்டவில்லை.

பல்ப்பை மட்டும் அணைந்திருக்கும்போது அளக்க விடமாட்டார். இழை சூடேறினால் தடை பத்து மடங்குக்கு மேல் உயரும். எரியும்போது ஓடும் அம்பியரைப் பார்த்தே கணக்குப் போட வேண்டும் என்பார்.